உருகும் துணி, எரியும் துணி: வெல்டிங் வேலைக்கு எந்த ஓவரோல்?

வாசகர் கேள்வி

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். நீண்ட கடிதம், முக்கியமான பகுதியை மட்டும் தருகிறேன்.

"என் மகனுக்கு இருபது வயது. மூன்று மாதமாகக் கிராண்ட்பாஸ் பக்கம் ஒரு வேலைத்தளத்தில் வெல்டிங் பழகுகிறான். கேட், கிரில், லொறி பொடி எல்லாம் அங்கே செய்கிறார்கள். முதலாளி ஒரு நீல ஓவரோல் கொடுத்தார். நல்ல மினுமினுப்பு, கசங்காது, தோய்த்துப் போட்டால் ஒரு மணித்தியாலத்தில் காய்ந்துவிடும். ஆனால் முன்பக்கம் முழுவதும் சின்னச் சின்ன ஓட்டைகள். ஓட்டையின் ஓரத்தைத் தொட்டால் கல்லுப்போலக் குத்துகிறது. அவனுடைய கழுத்துக்குக் கீழே தோல் சிவந்து உரிகிறது. வெக்கை தாங்க முடியாமல் ஓவரோலின் மேல் பாதியைக் கழற்றி, கைகளை இடுப்பில் முடிந்துகொண்டுதான் வேலை செய்கிறானாம். கொரோனாக் காலத்து வெள்ளை உடுப்பு ஒன்று வீட்டில் கிடக்கிறது. மெல்லியது, அதைப் போட்டால் வியர்க்காது என்று கேட்கிறான். கொடுக்கலாமா? புது ஓவரோல் வாங்குவதா, தைப்பிப்பதா? எப்படித் தோய்ப்பது? இப்போது பேரக்குழந்தையின் உடுப்புகளோடு சேர்த்துத்தான் மெசினில் போடுகிறேன். மணத்துக்குக் கொஞ்சம் சொஃப்ட்னரும் ஊற்றுவேன். பழைய ஓவரோலைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா? அவனும் கராஜ் வேலைக்குப் போகப்போகிறான்."

பதில்

அன்புள்ள தங்கச்சி,

முதலில் அந்த வெள்ளை உடுப்பைத் தம்பியின் கையில் படாமல் எடுத்துவிடுங்கள். மிச்சத்தை அப்புறம் ஆறுதலாக வாசிக்கலாம்.

2020இல் ஆஸ்பத்திரிகளுக்கென்று தைத்த அந்த உடுப்புகள் நெய்த துணி அல்ல. மெல்லிய பிளாஸ்டிக் இழைகளை அழுத்திச் செய்த தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் பொலிப்ரொப்பிலீன், சிலவற்றில் பொலிஎதிலீன். முதலாவது ஏறத்தாழ 160 பாகையில் உருகும், இரண்டாவது 135 பாகைக்குள்ளேயே உருகிவிடும். பருத்திச் சேர்ட்டுக்கு வைக்கிற சூட்டில் அயர்ன் பெட்டியை அதன்மேல் வைத்தால் பெட்டியின் அடியில் ஒட்டிக்கொள்ளும். வெல்டிங்கில் தெறிக்கும் பொறியோ உருகிய இரும்பு. இரும்பு உருக 1500 பாகை வேண்டும். கிருமியையும் தூசியையும் தடுக்கச் செய்த உடுப்பு அது, அந்த வேலைக்கு நல்லது. நெருப்புக்குப் பக்கத்தில் அது ஒரு மெழுகுத்தாள். கிரைண்டர் பிடிக்கும்போதும் அதைப் போடக்கூடாது.

சரி, இனி நீல ஓவரோல். நான் அதைக் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் நீங்கள் எழுதிய ஒரு வரி போதும்: "ஓட்டையின் ஓரத்தைத் தொட்டால் கல்லுப்போலக் குத்துகிறது." பருத்தித் துணியில் பொறி விழுந்தால் ஓட்டையின் ஓரம் கறுத்து, தொட்டவுடன் பொடியாக உதிரும். உங்கள் விரலில் குத்துவது உருகி, பிறகு இறுகிய பிளாஸ்டிக். மினுமினுப்பு, கசங்காமை, சீக்கிரம் காய்வது எல்லாம் அதே கதையைத்தான் சொல்கின்றன. அது பொலியெஸ்டர், அல்லது பொலியெஸ்டர் கூடுதலாகக் கலந்த துணி. சாமான் ஏற்றி இறக்கும் இடத்திலோ களஞ்சிய அறையிலோ போட்டால் ஒரு குறையும் இல்லை, உழைக்கும். வெல்டிங் பழகும் பிள்ளைக்கு அது கூடாது.

ஏன் என்று கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். தம்பிக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள். பருத்தியும் எரியும்தான். எரியாத துணி என்று பருத்தியை யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் பருத்தி உருகாது. தடித்த பருத்தியில் பொறி விழுந்தால் அந்த இடம் கருகும், கையால் தட்டி அணைக்க ஒரு கணம் கிடைக்கும், துணி தோலைவிட்டுத் தள்ளியே நிற்கும். பொலியெஸ்டர் 250, 260 பாகையில் உருகிப் பாகாகிவிடும். அந்தப் பாகு தோலில் ஒட்டும், ஒட்டிய இடத்தில் சூட்டை விடாமல் இறக்கிக்கொண்டே இருக்கும். இழுத்தால் தோலும் சேர்ந்து வரும்.

முப்பது வருடம் கப்பல் திருத்துகிற இடங்களிலும் உருக்கு வேலைத்தளங்களிலும் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவன் நான். ஒரு பெடியன் என் நினைவில் அப்படியே நிற்கிறான். அன்றைக்கு அவன் போட்டிருந்த ஓவரோல் நல்ல ஓவரோல், தடித்த பருத்தி, நானே கையெழுத்து வைத்துக் கொடுத்தது. வெக்கைக்குக் கழுத்துச் சிப்பை நெஞ்சு வரைக்கும் இறக்கி விட்டிருந்தான். உள்ளே ஒரு புட்போல் ஜேர்சி. தலைக்கு மேலே வெல்டிங் ஒட்டும்போது ஒரு பொட்டு இரும்பு திறந்த கழுத்துக்குள் விழுந்தது, பயற்றம் பருப்பளவுதான் இருக்கும். ஓவரோலில் ஒரு கீறலும் இல்லை. உள்ளே ஜேர்சி உருகி நெஞ்சில் உள்ளங்கை அகலத்துக்குப் பிடித்துக்கொண்டது. ஜேர்சியின் இலக்கத்தில் ஒரு துண்டு அவனுடைய தோலில் பதிந்திருந்ததைப் பார்த்தேன். அந்தத் துணியை எடுக்க டொக்டர்மார் பட்ட பாட்டையும் பார்த்தேன். நான் வெளி உடுப்பைப் பார்த்தேனே தவிர உள்ளே என்ன போட்டிருக்கிறான் என்று அதுவரை ஒருவரிடமும் கேட்டதில்லை. அதற்குப் பிறகு கேட்காமல் விட்டதில்லை.

ஆகவே தம்பியின் உள்சட்டையையும் பாருங்கள். ஜேர்சி, நைலோன் ஷோர்ட்ஸ், மினுங்குகிற ரீ-ஷேர்ட் ஒன்றும் ஓவரோலுக்குள் வேண்டாம். பருத்திப் பெனியன், பருத்தி உள்ளாடை, காலுக்குப் பருத்தி அல்லது கம்பளிக் காலுறை.

துணியைக் கண்டுபிடிக்க ஒரு பழைய சோதனை இருக்கிறது. ஓவரோலின் உள்தையலில் மடித்து விட்டிருக்கும் ஓரத்திலிருந்து ஒரு விரல் நீளத்துக்கு மெல்லிய கீற்று வெட்டி எடுங்கள். குசினியில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, பக்கத்தில் ஒரு கோப்பைத் தண்ணீர் வைத்துக்கொண்டு, குறட்டால் பிடித்து மெழுகுதிரிச் சுவாலைக்குக் கிட்டக் கொண்டுபோங்கள். பருத்தி சுவாலையைத் தொட்டதும் பற்றும். கடதாசி எரிகிற மணம் வரும். ஊதி அணைத்தால் ஓரத்தில் கொஞ்ச நேரம் தணல் ஓடும், மிஞ்சுவது நரைத்த, பஞ்சு போன்ற சாம்பல். பொலியெஸ்டர் சுவாலையைத் தொட முன்னமே சுருண்டு பின்வாங்கும், பிறகு உருகும், கறுப்புப் புகை வரும், சொட்டும். ஆறியபின் நுனியில் மணி போல ஒரு கட்டி நிற்கும், நகத்தால் நசுக்க முடியாது. இரண்டும் கலந்த துணியாக இருந்தால் எரியவும் செய்யும், கட்டியும் நிற்கும். கட்டி நின்றால் அந்தத் துணி வெல்டிங்குக்கு வேண்டாம். கடைக்காரர் "தனிப் பருத்தி" என்று எவ்வளவு சத்தியம் பண்ணினாலும் எனக்கு இந்த மணிதான் கணக்கு. ஒரு எச்சரிக்கை: சொட்டுகிற பாகு சுடும், ஆகவே கீழே ஒரு பழைய தட்டை வையுங்கள், குழந்தையை அந்தப் பக்கம் விடவேண்டாம்.

அப்படியானால் எதை வாங்குவது? வெல்டிங்குக்கென்றே தைத்த உடுப்பு இருக்கிறது. பருத்திக்குத் தீத்தடுப்பு மருந்து ஏற்றிய துணி, கடைகளில் எஃப்.ஆர். என்பார்கள். சுவாலை பட்டால் கருகும், சுவாலையை எடுத்தவுடன் தானாக அணையும். நல்ல உடுப்பாக இருந்தால் உள்ளே தைத்த லேபலில் ஐ.எஸ்.ஓ. 11611 என்று, வெல்டிங் உடுப்புக்கான சர்வதேசத் தரத்தின் இலக்கம் இருக்கும், பக்கத்தில் வகுப்பு 1 அல்லது வகுப்பு 2 என்றும் இருக்கும். வகுப்பு 1 பொறி குறைந்த வேலைக்கு. பொறி கூடுதலாகத் தெறிக்கிற வேலைக்கும் ஒடுங்கிய இடத்துக்கும் தலைக்கு மேலே ஒட்டுவதற்கும் வகுப்பு 2. கேட், கிரில் வேலைக்கு வகுப்பு 1 பொதுவாகப் போதும். லொறி பொடிக்கு அடியில் படுத்துக்கொண்டு ஒட்டினால் கதை வேறு. பழைய சோனகத் தெருப் பக்கம் ஹார்ட்வெயர்க் கடைகளிலும் பாதுகாப்புச் சாமான் விற்கிறவர்களிடமும் கேட்டுப் பாருங்கள். முதுகில் பெரிதாக அச்சடித்த எழுத்தைப் பார்த்து வாங்க வேண்டாம், உள்லேபலைப் பாருங்கள். லேபல் அழிந்த, யாரோ பாவித்த இறக்குமதி ஓவரோல் மலிவாகக் கிடைக்கும். அதில் எத்தனை முறை தோய்த்தார்கள், எதைப் போட்டுத் தோய்த்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. அதை எஃப்.ஆர். என்று நம்பிப் போடக்கூடாது.

எஃப்.ஆர். விலை கட்டாது என்றால் இரண்டாவது வழி தைப்பிப்பது. இதை நான் மனதார ஆதரிக்கிறேன். கொழும்பில் நல்ல தையற்காரர்களுக்குக் குறைவில்லை, அளவுக்குத் தைத்த ஓவரோல் கடையில் எடுத்ததைவிட உடம்பில் நிற்கும். தடித்த பருத்தி ட்ரில் துணி கேளுங்கள், சதுர மீற்றருக்கு 300 கிராம் அளவில். அந்தக் கணக்குக் கடையில் விளங்காவிட்டால் ஜீன்ஸ் துணியைவிடக் கொஞ்சம் மெல்லியது, சேர்ட் துணியைவிட இரண்டு மடங்குக்கு மேல் தடித்தது என்று சொல்லுங்கள். கீற்று வெட்டிக்கொண்டு வந்து மெழுகுதிரிச் சோதனை செய்த பிறகே முழுத்துணியை வாங்குங்கள். வாங்கியதை ஒரு இரவு தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்துத்தான் தையற்காரரிடம் கொடுக்க வேண்டும். பருத்தி முதல் தோய்ப்பில் சுருங்கும், சுருங்கிய ஓவரோல் கவட்டில் கிழியும்.

தையற்காரருக்குச் சொல்ல வேண்டியவை சில. நூலும் பருத்தி நூலாக இருக்கட்டும், பொலியெஸ்டர் நூல் உருகினால் தையல் வழியே பிரிந்துவிடும். கொலர் கழுத்து வரைக்கும் மூடக்கூடியதாக வேண்டும். முன்னால் சிப்போ பொத்தானோ எதுவானாலும் அதை மூடி ஒரு மேல்மடிப்பு வேண்டும், உலோகச் சிப் சூடேறித் தோலைச் சுடும். பிரெஸ் பொத்தான் வைத்தால் அவசரத்துக்கு ஒரே இழுவையில் திறக்கலாம், எனக்கு அதுதான் விருப்பம். மணிக்கட்டில் பொத்தான் போட்டு இறுக்கும் கைப்பட்டி. பொக்கற்றுக்கு எல்லாம் மூடி, நெஞ்சில் திறந்த பொக்கற் வைத்தால் அது பொறி பிடிக்கிற கிண்ணம். காற்சட்டையின் கீழ் ஓரத்தை வெளிப்பக்கமாக மடிக்கக்கூடாது, அந்த மடிப்பிலும் பொறி தங்கும். கால் நீளம் சப்பாத்துக்கு மேலே விழ வேண்டும், சப்பாத்துக்குள் செருகக்கூடாது.

அளவு எடுக்கும்போது நெஞ்சையும் உயரத்தையும் மட்டும் எடுத்தால் போதாது. ஒரு தோளில் நாடாவை வைத்து, முன்னால் இறக்கி, இரண்டு காலுக்கும் நடுவால் எடுத்து, முதுகால் ஏற்றி, அதே தோளுக்குக் கொண்டுவந்து அளக்கச் சொல்லுங்கள். ஒரே துண்டாகத் தைக்கிற உடுப்பின் உயிர் அந்த அளவில்தான் இருக்கிறது. தைத்து வந்ததும் தம்பி அதைப் போட்டு, சிப்பை மேலே வரைக்கும் இழுத்து, நிலத்தில் குந்தி, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கட்டும். எங்கள் பட்டறைகளில் பாதி வேலை குந்தியிருந்துதான் நடக்கிறது. கவட்டில் இழுத்தால், அல்லது கைப்பட்டி முழங்கைப் பக்கம் ஏறினால், தையற்காரரிடம் திருப்பிக் கொடுங்கள். இறுக்கமான ஓவரோலை எந்தப் பிள்ளையும் மூடிப் போடமாட்டான், சிப்பை இறக்கத்தான் பார்ப்பான்.

இப்போது இடுப்பில் முடிகிற விடயத்துக்கு வருகிறேன். தங்கச்சி, இதற்காக அவனை ஏச வேண்டாம். கொழும்பில் சித்திரை மாதத்தில் 32 பாகை வெக்கை, காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை காயாது, தகரக் கூரையின் கீழே நெருப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். கழற்றத்தான் தோன்றும். ஆனால் இந்த உடுப்பு ஏன் ஒரே துண்டாக வந்தது என்று யோசித்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் இதற்குப் பொய்லர் சூட் என்று ஒரு பெயர். நிலக்கரியில் ஓடிய பொய்லர்களுக்குள் இறங்கித் துப்புரவு செய்தவர்களின் உடுப்பு அது. சட்டையும் காற்சட்டையும் வேறுவேறாக இருந்தால் குனியும்போது இடுப்பில் வாய் திறக்கும், கரி உள்ளே போகும். அந்த வாயை அடைக்கத்தான் இரண்டையும் சேர்த்துத் தைத்தார்கள். அதே இடுப்பில் அவிழ்த்து விட்டால் மிஞ்சுவது ஒரு காற்சட்டையும், தொங்குகிற இரண்டு கைகளும்.

அந்தத் தொங்கும் கைகள்தான் எனக்குப் பெரிய பயம். நாலரை அங்குலக் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று அளவில் சுழல்கிறது. முடிச்சு அவிழ்ந்து கை நுனி அதில் பட்டால், அல்லது துளைபோடும் மெசினில் சுற்றினால், ஆளை இழுக்கும். பொலியெஸ்டர் கிழியவும் கிழியாது. இரண்டாவது, வெறும் தோல். நீங்கள் எழுதிய அந்தச் சிவந்த கழுத்து வெயிலில் வந்ததாக இருக்காது. வெல்டிங் ஒளியில் புற ஊதாக் கதிர் இருக்கிறது, சில நிமிடங்களிலேயே தோலைச் சுடும். தம்பியின் கழுத்தில் சிவப்பு V வடிவில் இருக்கிறதா என்று பாருங்கள், சிப் எதுவரை திறந்திருந்தது என்று அதுவே காட்டும். 2017இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் வெல்டிங் புகையையும் வெல்டிங்கின் புற ஊதாக் கதிரையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதலாம் பிரிவில் சேர்த்தது. அது ஒரே நாளில் வருவதல்ல. இருபது வயதில் தொடங்கியவனுக்கு முன்னால் நாற்பது வருட வேலை இருக்கிறது, அதனால்தான் இதைச் சொல்கிறேன். புகைக்கு ஓவரோல் ஒன்றும் செய்யாது. அதற்குத் திறந்த இடம், காற்றோட்டம், சரியான சுவாச முகமூடி வேண்டும்.

வெக்கையை எப்படிச் சமாளிப்பது? உடுப்பைத் திறப்பதைத் தவிர வழிகள் இருக்கின்றன. உடம்புக்கும் துணிக்கும் நடுவே நாலு விரல் இடம் விட்டுத் தைத்தால், அசையும்போது காற்று உள்ளே வெளியே ஓடும். முதுகில் தோளோரம் மடிப்பு வைக்கலாம். அக்குளில் சின்னக் காற்றுத் துளைகள் வைக்கலாம். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் 15, 20 நிமிடத்துக்கு ஒரு கோப்பை தண்ணீர் குடிக்க வேண்டும். இடையில் உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீரும் நல்லது. வெயில் கூடிய நேரத்துக்கு அளவெடுத்தல், வெட்டுதல் போன்றவற்றை வைத்து, ஒட்டுகிற வேலையைக் காலையில் முடிக்க முதலாளியிடம் கேட்கலாம். பொறி இல்லாத இடைவேளையில், மெசின்களை விட்டுத் தள்ளி நிழலில் உட்கார்ந்து மேல் பாதியைக் கழற்றி ஆறட்டும், அதில் ஒரு பிழையும் இல்லை. திரும்பப் போகும்போது முழுதாகப் போட வேண்டும். புதிதாக வந்தவனின் உடம்பு வெக்கைக்குப் பழக ஒரு வாரம், இரண்டு வாரம் எடுக்கும். ஆனால் யாராவது பிதற்றத் தொடங்கினால், நடை தடுமாறினால், அது களைப்பு என்று இருத்தி வைக்கக்கூடாது. 1990 இலக்கத்தில் அம்புலன்ஸுக்கு அழைத்துவிட்டு, உடுப்பைக் கழற்றித் தண்ணீர் ஊற்றிக் குளிரச் செய்ய வேண்டும்.

ஒரே துண்டு உடுப்பு சரிவரவே இல்லை என்றால் அதே துணியில் சட்டையும் காற்சட்டையுமாகத் தைக்கலாம். சட்டை காற்சட்டைக்கு மேலே ஒரு சாண் நீளத்துக்காவது இறங்கி மூட வேண்டும், குனிந்தாலும் முதுகு தெரியக்கூடாது. ஓவரோல்தான் போடவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. துணி சரியாக இருந்து, இடைவெளி இல்லாமல் மூடினால் போதும்.

இன்னொன்று. வெக்கைக்கு ஒட்சிசன் குழாயைத் திறந்து ஓவரோலுக்குள் பிடிக்கிற பழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது. உடுப்பில் தூசி தட்டவும் அதைப் பாவிக்கிறார்கள். குளிர்ச்சியாக இருக்கும், மணமும் இல்லை. காற்றில் ஒட்சிசன் 21 வீதம்தான். துணிக்குள் அது கூடிவிட்டால் ஒரு சின்னப் பொறிக்கு உடுப்பு முழுவதும் பெற்றோல் ஊற்றியதுபோலப் பற்றும், எஃப்.ஆர். துணிகூட எரியும். குழாயை மூடிய பிறகும் துணி மடிப்புகளில் அது கொஞ்ச நேரம் நிற்கும். தம்பி இதை எப்போதாவது செய்திருக்கிறானா என்று நேரடியாகக் கேளுங்கள். மறைக்காமல் சொல்கிற மாதிரிக் கேளுங்கள்.

பொக்கற்றில் லைட்டர் வேண்டாம், அதன் பிளாஸ்டிக்கை ஒரு பொறி துளைத்தால் போதும். வியர்வையில் நனைந்த ஓவரோலோடு வெல்டிங் வேலையைத் தொடர்வதும் ஆபத்து, ஈரத்துணி மின்சாரத்தைக் கடத்தும். அதனால் குறைந்தது இரண்டு ஓவரோல் வேண்டும், முடிந்தால் மூன்று. மத்தியானம் காய்ந்ததை மாற்றலாம்.

தோய்ப்பதைப் பற்றி. குழந்தையின் உடுப்போடு சேர்ப்பதை இன்றோடு நிறுத்துங்கள். லொறி பொடியில் பழைய பெயின்றைச் சுரண்டும்போதும் கிரைண்டர் பிடிக்கும்போதும் வருகிற தூசி ஓவரோலில் வீட்டுக்கு வருகிறது. பழைய பெயின்றில் ஈயம் இருக்கலாம். பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடம்பு ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும், மூளை வளர்கிற வயதில் அது பெரிய கேடு. தம்பி வேலைத்தளத்திலேயே மாற்றி, ஓவரோலை ஒரு பையில் கட்டிக் கொண்டுவரட்டும். வந்ததும் கைகால் கழுவாமல் குழந்தையைத் தூக்க வேண்டாம். ஓவரோலை வீட்டுக்குள் உதறாதீர்கள்.

பொக்கற்றைக் காலி செய்து, பொத்தான்களைப் பூட்டி, உள்பக்கத்தை வெளியே புரட்டி, தனியாகப் போடுங்கள். சாதாரண சலவைத் தூள் போதும். சொஃப்ட்னர் வேண்டாம், அது துணிமேல் எரியக்கூடிய ஒரு மெல்லிய படையை விட்டுப்போகும். கஞ்சியும் போடாதீர்கள். வெளுக்கிற குளோரின் மருந்து தீத்தடுப்பைக் கெடுக்கும். எஃப்.ஆர். துணிக்குக் கட்டிச் சவர்க்காரத்தையும் தவிருங்கள். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் போன்ற கடினத் தண்ணீரில் சவர்க்காரம் தயிர்போலத் திரைந்து துணியில் தங்கும், அந்தப் படிவும் எரியும். கொழும்புக் குழாய்த் தண்ணீரில் அந்தக் கரைச்சல் குறைவு, ஆனாலும் தூளே நல்லது. கிரீஸ், எண்ணெய்க் கறையை மண்ணெண்ணெய் அல்லது தின்னர் போட்டுத் தேய்த்துவிட்டு அப்படியே போட்டுக்கொண்டு போகக்கூடாது. கறை தோய்த்தும் போகாமல் ஊறி நின்றால், எவ்வளவு விலை கொடுத்ததானாலும் அந்த ஓவரோலை வெல்டிங்குக்கு எடுக்க வேண்டாம், திரிபோல எரியும். ஓட்டைக்கு ஒட்டுப் போடுவதானால் அதே துணி, அதே நூல்.

முதலாளியிடம் எப்படிக் கேட்பது என்று தயங்குவீர்கள். அவர் ஓவரோல் கொடுத்திருக்கிறார், அதுவே ஒரு நல்ல தொடக்கம். பெரும்பாலும் அவருக்கும் துணி வித்தியாசம் தெரியாமல் இருக்கும். மெழுகுதிரிச் சோதனையில் நின்ற கறுத்த மணியைத் தம்பி ஒரு கடதாசியில் மடித்துக் கொண்டுபோய்க் காட்டட்டும். பத்து வார்த்தையை விட அது நன்றாகப் பேசும். அடுத்த முறை மொத்தமாக வாங்கும்போது அங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் பருத்தி கிடைக்கும். இது தயவுக்குக் கேட்பதும் அல்ல. தீங்கான பொருட்களோடு வேலை செய்கிறவர்களுக்குத் தகுந்த பாதுகாப்பு உடுப்புக் கொடுத்து அதைப் பராமரிக்க வேண்டும் என்று 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் சொல்கிறது. கதைத்தும் சரிவராவிட்டால் நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களம் இருக்கிறது, தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். ஆனால் முதல் நாளே அங்கே போகச் சொல்லமாட்டேன்.

நான் இவ்வளவு சொல்லியும் ஒரு நாள் சுட்டுவிட்டால்: உடுப்பில் நெருப்புப் பிடித்தால் ஓடக்கூடாது, நிலத்தில் விழுந்து உருள வேண்டும். சுட்ட இடத்தில் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓட விடவேண்டும். ஒட்டாத துணியைக் கழற்றலாம், தோலில் ஒட்டியதை இழுக்கக்கூடாது, அதைச் சுற்றி வெட்டிவிட்டு அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பற்பசை பூசுவது எங்கள் வீடுகளில் இன்னும் நடக்கிறது, பூசாதீர்கள். ஐஸ் கட்டியும் வேண்டாம். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் தீக்காயங்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது.

கடைசியாக அந்தப் பழைய நீல ஓவரோல். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம், தங்கச்சி. கராஜிலும் வெல்டிங் இருக்கும், கிரைண்டர் இருக்கும். உங்கள் பிள்ளைக்கு வேண்டாம் என்று கழற்றியது அவனுக்கும் வேண்டாம். கைகளையும் கால்களையும் வெட்டிப் பிரித்து, நன்றாகத் தோய்த்து, மழைக்கு முற்றத்தில் சைக்கிள் மூடவோ, வெளிவாசல் நிலம் துடைக்கவோ வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளையின் தாய்க்கு இந்தப் பக்கத்தை வாசிக்கக் கொடுங்கள். தையற்காரரிடம் போகும்போது இரண்டு பேரும் சேர்ந்து போனால் துணியும் மலிவாக வரும்.